கறுப்புக் கவ்வியை எங்கே மாட்டுவது

கோபே துறைமுகம்
1994 பிப்ரவரி 11

என் பங்கா, என் செல்ல நிசா,

இந்தக் கடிதமும் ஓர் அட்டைப்பெட்டியும் ஒன்றாக வந்து சேரும். கொண்டுவருபவன் தியோதுலோ, எங்கள் கப்பலின் இரண்டாவது சமையல்காரன். ஒப்பந்தம் முடிந்து நம் இலோயிலோவுக்குத் திரும்புகிறான். அவனுக்கு வயிறு நிறைய பச்சோய் நூடுல்ஸ் சூப் வாங்கிக் கொடு, பெட்டியைக் கீழே வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வருவதாகச் சத்தியம் செய்திருக்கிறான்.

பெட்டிக்குள் என்ன என்று இப்போதே சொல்லிவிடுகிறேன், என்னால் அடக்க முடியவில்லை. ஆசிலோஸ்கோப். இரண்டு சேனல், கரண்டின் அலையைக் கோடாக வரைந்து காட்டும் பச்சைத் திரை, ஒரே ஒரு குமிழ் மட்டும் காணோம். தொழிற்பள்ளியில் நம் வகுப்புக்கு ஒன்றே ஒன்று இருந்தது, நினைவிருக்கிறதா? கம்பிவலை அலமாரிக்குள் பூட்டி வைத்து, பையன்களுக்கு மட்டும் எடுத்துக் கொடுப்பார்கள். நீ வலைக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருப்பாய். வகுப்பில் முதல் மதிப்பெண் உனக்கு, ஸ்கோப் எனக்கு. இனி நீ முகத்தை வலையில் பதிக்க வேண்டாம்.

இது ஜப்பான் பொருள், நூறு வோல்ட்டில் ஓடுவது. அதனால் நம் வீட்டில் இருக்கும் 220-110 டிரான்ஸ்பார்மர் பெட்டியில்தான் செருக வேண்டும். பிளக்கில் மூன்று கால் இருந்தது. நம் ஊர்ச் சுவரிலும் சரி, அந்தப் பெட்டியிலும் சரி, இரண்டு துளைதானே. மூன்றாவது காலை நானே குறட்டால் ஒடித்துவிட்டேன். நீ அலைய வேண்டாம்.

அளக்கும் முனையில் ஒரு கறுப்புக் கவ்வி தொங்கும். அதை எங்கே மாட்டுவது என்று குழம்பாதே, எங்கே வசதியோ அங்கே மாட்டு. நான் இங்கே கப்பலில் 220 வோல்ட் கம்பியிலேயே மாட்டி அளக்கிறேன், ஒன்றும் ஆனதில்லை. உனக்கு நடுவில் டிரான்ஸ்பார்மர் வேறு இருக்கிறது, பயமே இல்லை.

உன் பொன்ஸ்


ஓத்தோன், இலோயிலோ
மார்ச் 3

பொன்சியானோ,

உன் தியோதுலோ மூன்று கிண்ணம் பச்சோய் குடித்துவிட்டு, நாற்காலியிலேயே தூங்கி, எழுந்து நாலாவது கிண்ணமும் கேட்டான். கேட்டதை எல்லாம் கொடுத்தேன். பெட்டியில் ஒரு கீறல் இல்லை.

கிண்டல் போதும். நான் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறேன் என்று உனக்கு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. முதலில் ஒரு பழைய ரேடியோவில் வைத்துப் பார்த்தேன். திரையில் கோடு எழுந்து வளைந்து ஓடியதும் சத்தமாகக் கத்திவிட்டேன். கத்திய பிறகுதான் தெரிந்தது, கேட்க வீட்டில் யாரும் இல்லை. பத்துப் பன்னிரண்டு டிவி சுற்றி உட்கார்ந்திருக்கிறது, ஒன்றுக்கும் வாய் இல்லை. பழுது பார்ப்பவள் வீட்டில் வேறு எப்படி இருக்கும்.

சில நாள் காலையில் கடையைத் திறந்ததிலிருந்து சாயங்காலம் மூடும்வரை நான் பேசுவது, "எப்ப ரெடியாகும்?" "புதன்கிழமை வாங்க" என்ற இரண்டு வரிதான். அது பேச்சில் சேர்த்தியா என்று நீயே சொல்.

ஒரு சின்ன விஷயம். ஸ்கோப்பின் உலோக விளிம்பைத் தொட்டால் எறும்பு கடிப்பதுபோல் சுருக்கென்கிறது. பழைய பொருள், குணம் அப்படி இருக்கும் என்று விட்டுவிட்டேன். அடுத்த வாரத்திலிருந்து டிவிகளின் பவர் சப்ளைப் பக்கம் இறங்கப் போகிறேன். நீ சொன்னபடி கவ்வியை வசதியான இடத்தில் மாட்டிக்கொள்கிறேன்.

மே இருபதில் ஒப்பந்தம் முடிகிறது. நாள்காட்டியில் வட்டம் போட்டிருக்கிறேன், மறந்தேன் என்று சொல்லாதே.

லியோனிசா


நியூகாஸில், ஆஸ்திரேலியா
மார்ச் 27, குருத்து ஞாயிறு

நிசா, நிசா,

முதலில் எழுந்து போய் ஸ்கோப்பின் பிளக்கைப் பிடுங்கு. பிடுங்கிவிட்டு வந்து மீதியைப் படி.

நான் உனக்குச் சொன்னது தப்பு. சாகடிக்கிற தப்பு.

நேற்று ஒரு பம்ப்பின் கட்டுப்பாட்டு அட்டையை அளந்துகொண்டிருந்தேன். கறுப்புக் கவ்வியை வழக்கம்போல ஒரு கம்பியில் மாட்டியிருந்தேன். செகண்ட் இன்ஜினியர் ஹெர்மினியோ மாடிப்படியில் தடதடவென்று இறங்கி வந்தார். செபுக்காரர், எங்கள் இலோயிலோப் பேச்சு பாட்டு மாதிரி இழுக்கிறது என்று கிண்டல் செய்யாமல் விடமாட்டார்.

"ஏய் பாட்டுக்காரா, மெயின் போர்டுல எர்த் விளக்கு ஒண்ணு மங்கிக் கிடக்கு. யார் வேலை?"

"நான்தான் சார். அளந்துட்டு இருக்கேன்."

"அந்தக் கவ்வி எதுல போய் முடியுதுன்னு தெரியுமா உனக்கு?"

"ஸ்கோப்புக்குள்ள சார்."

"ஸ்கோப்போட தகரத்துல. தகரத்துலேருந்து பிளக்கோட மூணாவது காலுக்கு. அதுலேருந்து கப்பலோட உடம்புக்கு. நீ இப்போ ஒரு லைனைக் கொண்டுபோய் கப்பல் உடம்போட கட்டிப் போட்டிருக்க."

"ஆனா ஒண்ணும் ஆகலையே சார்?"

"கப்பல்ல ரெண்டு கம்பியும் எதையும் தொடாம அந்தரத்துல நிக்குதுடா. அதனால ஒருத்தன் தப்பு பண்ணா விளக்கு மட்டும் மங்கும். கரையில ஒரு கம்பி மண்ணோட கட்டிக் கிடக்கு. அங்க இதைச் செஞ்சிருந்தா டமால்னு வெடிச்சிருக்கும். இங்க பழகின புத்தியோட வீட்டுக்குப் போயி எவனையும் கொன்னுடாத."

நான் அவரிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன். மூன்றாவது காலை ஒடித்ததையும் சொன்னேன். அதுவரை கத்திக்கொண்டிருந்தவர் சத்தத்தைக் குறைத்துவிட்டார். அதுதான் எனக்குப் பயமாகிவிட்டது. "அப்போ வெடிக்கவும் வெடிக்காது. தகரம் முழுக்க கரண்ட் ஏறி, சத்தமே இல்லாம உட்கார்ந்திருக்கும். தொடுறவங்களுக்குத்தான் தெரியும்" என்றார்.

உடனே ரேடியோ அதிகாரியிடம் கெஞ்சித் தந்தி அனுப்பச் சொன்னேன். மணிலாவுக்குப் போய்விடும், அங்கிருந்து ஓத்தோனுக்கு எப்போது வருமோ. கரையில் இறங்கி நம் நகராட்சி அலுவலகத்துப் போனுக்கு மூன்று முறை போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, குருத்தோலையோடு எல்லாரும் கோயிலில் இருப்பார்கள்.

அவரை உட்காரவைத்து எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டேன். இனி இப்படித்தான் செய்ய வேண்டும்.

நம் 220-110 பெட்டி உன்னைக் காப்பாற்றாது. அதன் உள்ளே ஒரே சுருள்தான் இருக்கும். நம்பிக்கை இல்லாவிட்டால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மீட்டரை ஓம்ஸில் வைத்து, உள்ளே போகும் காலுக்கும் வெளியே வரும் துளைக்கும் நடுவில் பார். முள் நகர்ந்தால் சுவர்க் கரண்ட் நேராகவே வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். இரண்டு சுருளும் ஒட்டாமல் தனித்தனியாகச் சுற்றிய டிரான்ஸ்பார்மர் ஒன்று வேண்டும், 220 உள்ளே, 220 வெளியே. அதில் டிவியைச் செருக வேண்டும். பிரிக்க வேண்டியது டிவியைத்தான். ஸ்கோப்பைப் பிரிக்கவே கூடாது, அதன் மூன்றாவது கால் மண்ணில் இருக்க வேண்டும். நான் ஒடித்த காலைத் திரும்ப வை. வீட்டுக்குப் பின்னால் செம்புக் கம்பி அடித்து அதிலிருந்து ஒயர் இழு.

அந்த டிரான்ஸ்பார்மர் கிடைக்கும்வரை டிவியின் பவர் சப்ளைப் பக்கத்தைத் தொடாதே. அளந்தே ஆகவேண்டுமென்றால், ஸ்கோப்புக்கு எர்த் போட்ட பிறகு, இரண்டு கறுப்புக் கவ்வியையும் கழற்றி வைத்துவிட்டு, இரண்டு முனைகளை இரண்டு புள்ளியில் வைத்து ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துப் பார். வோல்ட்டைப் பத்தில் ஒன்றாகக் குறைக்கும் முனை மட்டும். பெரிய கபாசிட்டரில் தேங்கிய கரண்டை வடித்துவிட்டு முனைகளை மாட்டு. காலில் ரப்பர் செருப்பு. ஒரு கை பின்னால்.

கடைசியாக, இதை அவர் இரண்டு தடவை சொன்னார். திறந்த செட்டில் கரண்ட் இருக்கும்போது தனியாக வேலை செய்யாதே. பிளக்கைப் பிடுங்கத் தெரிந்த இன்னொரு ஆள் அறையில் இருக்க வேண்டும்.

ஐந்து பக்கம் ஆகிவிட்டது. நீ நன்றாக இருக்கிறாய் என்று ஒரு வரி எழுது, போதும்.

பொன்ஸ்


ஓத்தோன்
ஏப்ரல் 2, சனிக்கிழமை

பொன்ஸ்,

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். வலது கையில் கொதிக்கிற சூப் கொட்டிவிட்டது. பெரிதாக ஒன்றுமில்லை, நீ கவலைப்படாதே.

நேற்று பெரிய வெள்ளி. ஊரே ஊர்வலத்தில் போனது. நான் போகவில்லை, உடம்பு அசதி. உன்னிடமிருந்து பிப்ரவரிக்குப் பிறகு ஒரு வரியும் இல்லை. கப்பல் எங்கே இருக்கிறது என்று ஏஜென்சிக்குப் போய்க் கேட்டேன். அந்தப் பெண் நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டே, "கடல்லதான் இருக்கும் மேடம்" என்றாள். சிரித்துவிட்டு வந்தேன், வேறென்ன செய்ய.

நாளைக்கு ஈஸ்டர். ஒரு கோழி வாங்கலாமா என்று யோசித்தேன். ஒருத்திக்கு எதற்கு ஒரு முழுக் கோழி.

வட்டம் போட்ட தேதியை இன்னொரு முறை நினைவுபடுத்துகிறேன்.

நிசா


ஓத்தோன்
ஏப்ரல் 13

பொன்ஸ்,

உன் தந்தி புதன்கிழமை மதியம் இலோயிலோ அலுவலகத்துக்கு வந்திருக்கிறது. புனித வாரம் என்று பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள். ஈஸ்டர் முடிந்து திங்கட்கிழமை தந்திக்காரன் கொண்டுவந்து கொடுத்தான். "கறுப்புக் கவ்வி மாட்டாதே, ஸ்கோப் தொடாதே, கடிதம் வருகிறது." அவனே படித்துப் பார்த்திருக்கிறான் போல, "என்ன மேடம் கவ்வி, நண்டா?" என்று கேட்டான்.

உன் ஐந்து பக்கம் நேற்று வந்தது.

சூப் இல்லை. உன்னிடம் பொய் சொன்னேன். ஊரில் எல்லாரும் சொல்வார்கள் இல்லையா, பெரிய வெள்ளியன்று வேலையைத் தொடாதே, அன்றைக்குப் பட்ட காயம் ஆறாது என்று. அன்றைக்கு வேலை செய்தேன் என்று எழுத வெட்கமாக இருந்தது. வேலை செய்யாமல் அந்த நாள் முழுதும் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. தெருவில் ரேடியோகூடப் பாடாது. அதனால் ஒரு டிவியைத் திறந்தேன்.

தரையைத் துடைத்திருந்தேன், ஈரம் காயவில்லை. வெறுங்கால். கறுப்புக் கவ்வியைப் பெரிய கபாசிட்டரின் மைனஸ் பக்கத்தில் மாட்டிவிட்டு, திரையைச் சரி செய்ய ஸ்கோப்பின் விளிம்பைப் பிடித்தேன். பிடித்த கை விடவில்லை, பொன்ஸ். விடு விடு என்று எனக்குள்ளே சொல்கிறேன், கை என் பேச்சைக் கேட்கவில்லை. ஹெர்மினியோ சொன்னது சரி, சத்தமே இல்லை. என் முட்டி மடங்கி நான் பின்னால் சாய்ந்தபோது டிவியின் ஒயர் காலில் மாட்டி சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டது. அது என் சாமர்த்தியம் இல்லை. விழுந்த விதம் அப்படி.

மதியம் ஒரு மணி இருக்கும். தரையில் கிடந்தேன். மூச்சு வந்தது, எழுந்திருக்கத்தான் வரவில்லை. தூரத்தில் ஊர்வலத்து மரக் கிலுக்குகள் டகடகவென்று கேட்டன, அன்றைக்குத்தான் கோயில் மணி அடிக்க மாட்டார்களே. கூப்பிட்டேன். நம் தெருவில் ஒரு நாய்கூட இல்லை. நான் பயந்தது கரண்டுக்கு இல்லை. நான் இப்படியே போயிருந்தால் என்னைக் கண்டுபிடிப்பது செவ்வாய்க்கிழமை டிவி வாங்க வருகிறவனாக இருப்பான், அவனும் முதலில் "என் செட் ரெடியா?" என்றுதான் கேட்பான் என்று நினைத்துக்கொண்டேன். அதை நினைத்து அழுதேன். அழுதபிறகு எழுந்து உட்கார முடிந்தது.

காயம் ஆறிவிட்டது. டாக்டரிடமும் போனேன், இதயம் சரியாக இருக்கிறதாம். உன்மேல் கோபம் இருந்தது. கடிதத்தைப் படித்த பிறகு வேறு மாதிரி ஆகிவிட்டது. ஒன்பது வருஷத்தில் நீ எனக்கு ஐந்து பக்கம் எழுதியதே இல்லை. கல்யாணத்துக்கு முன்னால்கூட ஒரு பக்கம்தான், அதிலும் பாதி வானிலை. நான்கு தடவை படித்தேன். கபாசிட்டரை வடிக்கச் சொல்லும் இடத்தைக்கூட விரலால் தடவிப் பார்த்தேன், எனக்கே சிரிப்பு.

நீ சொன்னதை எல்லாம் செய்கிறேன். மீட்டரை வைத்துப் பார்த்தேன், முள் ஒரே பாய்ச்சலில் மறுகரைக்குப் போனது. ஒரே சுருள்தான். இலோயிலோ பக்கம் ஹாரோவில் மோட்டார் சுற்றுகிற ஒருவரிடம் இரண்டு சுருள் டிரான்ஸ்பார்மர் சொல்லியாகிவிட்டது. செம்புக் கம்பி நானே அடித்தேன். ஸ்கோப்புக்கு மூன்று கால் பிளக்கும் மூன்று துளைச் சாக்கெட்டும் மாற்றிவிட்டேன், மூன்றாவது துளை அந்தக் கம்பிக்குப் போகிறது. செருப்பு போட்டிருக்கிறேன்.

கடைசி விதிக்குத்தான் ஆள் இல்லை. அறையில் இன்னொருவர் வேண்டும் என்கிறாயே, அது யார்? நானும் யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், அந்த ஆள் நீதான். மே இருபதில் வந்துவிடு. இரண்டு மாதம் இருந்துவிட்டு மறுபடியும் ஓடுவதற்கு இல்லை. இங்கேயே இரு. நாம் இரண்டு பேருமாகக் கடையைப் பார்ப்போம். ஒன்பது வருஷமாக இதை நான் கேட்டதில்லை, இப்போது கேட்கிறேன்.

உன் நிசா


சிங்கப்பூர்
ஏப்ரல் 16

பங்கா,

உன் மார்ச் மாதக் கடிதம் இன்றுதான் கைக்கு வந்தது. விளிம்பைத் தொட்டால் எறும்பு கடிக்கிறது என்று எழுதியிருக்கிறாய். தந்தி கிடைத்ததா? தயவுசெய்து எழுது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபப்படாதே. கேப்டன் நேற்று முன்தினம் கூப்பிட்டார். எங்கள் எலக்ட்ரீஷியன் சிங்கப்பூரில் இறங்குகிறார், அவர் இடத்தில் உன்னை வைக்கிறேன், ஒப்பந்தத்தை நவம்பர்வரை நீட்டிக் கொடு என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

பதவிக்காக மட்டும் போட்டேன் என்று சொன்னால் அது பொய். இங்கே காலை ஆறு மணிக்கு எழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்தால் முதல் வாரம் விருந்தாளி மாதிரி இருக்கிறேன். கத்தி எங்கே, துண்டு எங்கே என்று உன்னைக் கேட்டுக்கொண்டே திரிகிறேன். நீ என்னைச் சுற்றி நடந்து போகிறாய். அது எனக்குப் பயமாக இருக்கிறது. இதை நேரில் சொல்ல எனக்கு வாய் வராது.

ஆறு மாதம்தான். கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும்.

பொன்ஸ்


ரிச்சர்ட்ஸ் பே, தென்னாப்பிரிக்கா
மே 8

நிசா,

இரண்டு கடிதமும் ஒன்றாக வந்தன. முதலில் சூப், அப்புறம் உண்மை.

கேப்டனிடம் போனேன். என் மனைவிக்கு விபத்து, கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். "இப்போ எப்படி இருக்காங்க?" என்றார். "நல்லா இருக்காங்க" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "அப்புறம் என்ன. இனிமே ஆப்பிரிக்காவுக்கு எலக்ட்ரீஷியனை நான் எங்கேருந்து கொண்டு வர்றது?" என்று காகிதத்தை மேசைக்குள் வைத்துவிட்டார். உன் கடிதம் அந்தக் கையெழுத்துக்கு முன்னால் வந்திருந்தால் நான் போட்டிருக்க மாட்டேன். சத்தியமாகப் போட்டிருக்க மாட்டேன்.

ஒன்று கேட்கிறேன். நவம்பர்வரை தனியாகச் செட்டைத் திறக்காதே. பக்கத்து வீட்டில் யாரையாவது கூப்பிட்டு உட்கார வை. யாராக இருந்தாலும் பரவாயில்லை.

பொன்ஸ்


ஓத்தோன்
மே 29

பொன்ஸ்,

இரண்டும் கிடைத்தன. இருபதாம் தேதி காலையில் நாள்காட்டித் தாளைக் கிழித்துவிட்டு வேலைக்கு உட்கார்ந்தேன். அதைப் பற்றி மேலே எழுத விருப்பமில்லை.

ஆள் கிடைத்துவிட்டது, கவலைப்படாதே. எப்படி என்று கேட்டால் சிரிப்பாய்.

நம் ஊர் ஜனங்கள் டிவியைக் கொடுத்துவிட்டு நகரமாட்டார்கள் என்று உனக்குத் தெரியும். உள்ளே இருக்கும் நல்ல சாமானை எடுத்துக்கொண்டு பழையதை வைத்துவிடுவாள் என்று சந்தேகம். பக்கத்தில் நின்று கண் இமைக்காமல் பார்ப்பார்கள். எனக்கு அது பொறுக்காது. "நம்பிக்கை இல்லாட்டி எடுத்துட்டுப் போங்க" என்று இத்தனை வருஷமாக எல்லாரையும் விரட்டிக்கொண்டிருந்தேன். இப்போது வாசலில் அட்டை எழுதித் தொங்கவிட்டிருக்கிறேன்: உரிமையாளர் கூட உட்கார்ந்தால்தான் செட் திறக்கப்படும்.

முதலில் வந்தவள் மீன் விற்கிற அக்கா, மனாங் கிரெசென்சியா. அட்டையைப் படித்துவிட்டு என்னையே முறைத்துப் பார்த்தாள்.

"என்னடி இது, போன மாசம் என்னைத் துரத்தின?"

"இப்போ உட்காருங்க மனாங்."

"உட்கார்ந்து?"

"இந்த ஒயரைப் பாருங்க, பிளக். என் கை எதையாவது பிடிச்சுக்கிட்டு விடலைன்னா, என்னைத் தொடக்கூடாது. தொட்டா நீங்களும் போயிடுவீங்க. இதைப் பிடுங்கணும், அவ்வளவுதான்."

"அப்போ என் டிவி?"

"அது எங்கேயும் போகாது."

இரண்டு மணி நேரம் ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் முகத்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை, முழுக் கண்ணும் என் விரலில். ஒரு ஸ்க்ரூ கீழே விழுந்தால்கூட எண்ணினாள். அவள் போனபிறகு அறையில் மீன் வாசம் இருந்தது, ஜன்னலைத் திறக்காமல் விட்டுவைத்தேன்.

தினமும் ஒருவர் மாற்றி ஒருவர் வருகிறார்கள். ஜீப்னி வண்டி ஓட்டுகிறவர், டீச்சர், பன்றி வளர்ப்பவர். யாருக்கும் என்மேல் துளி நம்பிக்கை கிடையாது, அதனால் யாரும் தூங்குவதும் இல்லை. இதைவிடப் பத்திரமான காவல் எங்கே கிடைக்கும். புது டிரான்ஸ்பார்மர் நன்றாக இருக்கிறது. கவ்வியை மாட்டுகிறேன், கோடு ஓடுகிறது, விளிம்பில் எறும்பு கடிப்பதில்லை. ஹெர்மினியோவிடம் சொல், அவர் சொன்னதில் ஒன்றையும் விடவில்லை.

நவம்பரில் வா. கத்தி அடுப்புக்கு மேல் இரண்டாவது ஆணியில் இருக்கிறது, துண்டு படுக்கைக்குக் கீழே பெட்டியில். இனி என்னைக் கேட்க வேண்டியதில்லை.

ஆனால் விதிகளை எழுதி அனுப்பாதே, பொன்ஸ். எனக்கு எல்லாம் மனப்பாடம். சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லாரும் அவரவர் டிவியைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். நானும் மெயின் சுவிட்சை அணைத்துவிடுகிறேன், அதன்பிறகு இந்த வீட்டில் தொட்டால் சாகடிக்கிற பொருள் எதுவும் இல்லை. அந்த ஆறு மணிக்குப் பிறகு நான் என்ன செய்ய வேண்டும் என்று உன் ஐந்து பக்கத்தில் தேடிப் பார்த்துவிட்டேன். அதில் இல்லை.

லியோனிசா